சனிக்கிழமை கூலி புதன்கிழமை தீர்ந்துவிடுகிறது. சீட்டை எடுத்து எந்தக் கடனை முதலில் அடைப்பது?

பனியன்ஊர்க்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். வீட்டுக்காரர் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் ஓவர்லாக் டைலர், பீஸ் ரேட். சொந்த ஊர் உசிலம்பட்டி பக்கம். இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. பெண் எட்டாவது, பையன் மூன்றாவது. லைன் வீட்டில் இருக்கிறோம்.

எனக்கு பிஎஃப், ஈஎஸ்ஐ பிடித்தது போக வாரம் 2,600 கைக்கு வரும். அவருக்கு முன்பு 4,500 வரை வரும். போன வருடம் ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவில் 50 சதவீத வரி போட்டதிலிருந்து அவர் யூனிட்டில் ஒன்றரை ஷிப்ட் கிடையாது. இப்போது 3,200 வந்தால் நல்ல வாரம். ஆக இருவருக்கும் சேர்த்து 5,800.

செலவை இரண்டு மாதமாகப் பெண்ணின் பழைய நோட்டில் எழுதி வருகிறேன். வாடகை 5,000. கரண்டும் தண்ணீரும் 800 (லைன் வீட்டில் ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார், 100 யூனிட் இலவசம் எங்களுக்கு வந்து சேராது). கேஸ் மாதக் கணக்கில் 600. மளிகை 4,500. பால் 800. காய்கறி, ஞாயிற்றுக்கிழமை கறி சேர்த்து வாரம் 700. பையன் வேன் 900. மாமியாருக்கு 1,500. இரண்டு போன் 600. பெட்ரோல் வாரம் 300. மகளிர் குழுக் கடன் 2,640. சீட்டு 2,200. நான்கு வாரக் கணக்குப் போட்டால் 23,540. வருவது 23,200. பெரிய ஓட்டை எதுவும் இல்லை என்றுதான் தெரிகிறது. ஆனால் புதன்கிழமை ஆனால் பர்ஸில் இருநூறு ரூபாய்கூட இருப்பதில்லை. சினிமா இல்லை, ஹோட்டல் இல்லை, போன தீபாவளிக்கு எனக்குப் புடவைகூட எடுக்கவில்லை. பணம் எங்கே போகிறது என்று இரவில் தூக்கம் வராமல் யோசிக்கிறேன்.

இப்போது கடன்களைச் சொல்கிறேன்.

ஒன்று, அடகு. போன வைகாசியில் பெண்ணுக்குச் சடங்கு வைத்தோம். இரண்டு பவுன் சங்கிலியும் ஒரு பவுன் தோடு ஜிமிக்கியும் சேர்த்து அடகுக் கடையில் 70,000-க்கு வைத்தேன். ஒன்றரை வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய். பதினோரு மாதமாக வட்டியே கட்டவில்லை. ரசீதின் பின்னால் ஒரு வருடம் ஏழு நாளுக்குள் மீட்க வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. அந்தச் சங்கிலி என் அம்மா கழுத்தில் கிடந்தது.

அடுத்தது குழுக் கடன். 50,000 எடுத்தேன், 24 தவணையில் 10 கட்டியாயிற்று.

கடைசியாகத் தண்டல். 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள், வாரம் 1,000 வீதம் பத்து வாரம். ஆவணியில் ஒன்று எடுத்தோம், தீபாவளிக்கு ஒன்று, மார்ச்சில் பைக் என்ஜின் வேலைக்கு ஒன்று. இப்போது ஆறு வாரம் பாக்கி இருக்கிறது. இந்த 1,000-ஐ மேலே உள்ள கணக்கில் நான் சேர்க்கவில்லை, சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால்.

எங்கள் லைனில் ஒரு அக்கா நடத்தும் 50,000 சீட்டில் இருக்கிறேன். 20 பேர், பன்னிரண்டு மாதம் முடிந்தது. இப்போது ஏலம் 7,000 தள்ளிப் போகிறது, எடுத்தால் 43,000 கிடைக்கும். எடுத்துக் குழுக் கடனை முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. போன மாதம் ஒருத்தி தவணை கட்டாததற்குக் குழுவில் மற்ற நான்கு பேரும் அவள் வாசலில் போய் உட்கார்ந்தோம். அவள் பையன் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நிலைமை எனக்கு வரக் கூடாது. நான் நினைப்பது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


டேபிள்_நம்பர்_7 எழுதியது:

அக்கா, நானும் திருப்பூர்தான். சீட்டை உடனே எடுத்துவிடுங்கள். லைன் வீட்டுச் சீட்டெல்லாம் பதிவு இல்லாதது. அந்த அக்கா ஒரு நாள் இராத்திரி வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனால் யாரிடம் கேட்பீர்கள்? எங்கள் மாமா 2 லட்சம் அப்படித்தான் விட்டார்.

அப்புறம் குழுக் கடனுக்குப் பயந்து சாக வேண்டாம். 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வந்து தொந்தரவு செய்யக் கூடாது. முன்கூட்டி முடித்தால் அபராதமும் கிடையாது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகும்படி கடன் கொடுக்கவும் கூடாது. புதிதாக இன்னொரு குழுவில் கையெழுத்துப் போடச் சொன்னால் இதைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.


உரைகல் எழுதியது:

தங்கச்சி, நான் கூட்டுறவு சங்கத்தில் நகைக் கடன் பிரிவில் 27 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். உன் கணக்கை இரண்டு முறை படித்தேன். எழுதி வைத்திருக்கிறாய், அதற்கே பாதி வேலை முடிந்தது. ஆனால் கடன்களை நீ வரிசைப்படுத்தியிருப்பது தலைகீழாக இருக்கிறது. எது அவமானமோ அதை முதலில் வைத்திருக்கிறாய். எது அதிகம் தின்கிறதோ அதுதான் முதலில் வர வேண்டும்.

தண்டலை எடுத்துக்கொள். 10,000-க்கு 1,500 பிடிக்கிறார்கள், நூற்றுக்குப் பதினைந்துதானே என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை. உன் கையில் வந்தது 8,500. அடுத்த வாரமே 1,000 திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறாய். ஐந்தாவது வாரம் பாதிப் பணம்தான் உன்னிடம் இருக்கிறது, ஆனால் 1,500 முழுதாகப் போய்விட்டது. சரியாகக் கணக்குப் போட்டால் வாரத்துக்கு நூற்றுக்கு 3 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. மாதத்துக்கு 13 வட்டி. ஆமாம், பதிமூன்று. குழுக் கடனை நீ சொன்ன தவணையை வைத்துப் பார்த்தால் அது 2 வட்டி. அடகுக் கடை ஒன்றரை. ஆக, நீ யாரைப் பார்த்துப் பயப்படுகிறாயோ அவர்களைவிட, சனிக்கிழமை சிரித்த முகத்தோடு வந்து நோட்டில் டிக் அடித்துவிட்டுப் போகிறவர்தான் உன் வீட்டைத் தின்கிறார். இந்த ஆறு வாரம் முடிந்ததும் நான்காவது தண்டல் எடுக்கக் கூடாது. இதை முதலில் உன் வீட்டுக்காரரிடம் சொல்.

இரண்டாவது, சீட்டு. டேபிள் தம்பி சொன்ன பயம் நியாயமானதுதான், அந்த அக்காவை எத்தனை வருடமாகத் தெரியும் என்று நீதான் சொல்ல வேண்டும். பணக் கணக்கு மட்டும் பார்த்தால் இப்போது எடுத்தால் 43,000. கடைசிவரை இருந்தால், நடத்துபவர் கமிஷன் 2,500 போக 47,500. ஏழு மாதத்துக்கு 4,500 விட்டுக்கொடுக்கிறாய். அதுவும் கிட்டத்தட்ட ஒன்றரை வட்டிதான். ஒன்றரை வட்டிக்கு வாங்கி ஒன்றரை வட்டி அடகை மீட்பதில் லாபம் ஒன்றும் இல்லை.

இனி நகை. இதில்தான் உனக்கு வழி இருக்கிறது. நீ மூன்று பவுனை வெறும் 70,000-க்கு வைத்திருக்கிறாய். அதற்கப்புறம் தங்கம் எங்கே போய்விட்டது என்று உனக்கே தெரியும். கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ அந்த மூன்று பவுனுக்கு அசல், வட்டி, தண்டல் பாக்கி எல்லாம் சேர்த்துத் தாராளமாகக் கிடைக்கும். அசல் 70,000, பதினோரு மாத வட்டி 11,550, மொத்தம் 81,550. தண்டல் பாக்கி 6,000. ஆக 87,550. நான் இருந்த சங்கத்தில் நூற்றுக்கு மாதம் 80, 90 பைசா வாங்கினோம், இன்றைக்கு எவ்வளவு என்று போய்க் கேள். 90 பைசா என்றே வைத்தாலும் 88,000-க்கு மாதம் 792 ரூபாய். இப்போது அடகுக் கடைக்கு மட்டும் 1,050 ஏறிக்கொண்டிருக்கிறது. கடன் தொகை கூடும், ஆனால் மாத வட்டி குறையும், தண்டலும் முடிந்துவிடும்.

ஒரே சிக்கல், நகையை மீட்ட பிறகுதான் வங்கியில் வைக்க முடியும். காலை பத்து மணிக்கு 81,550 கொடுத்து மதியம் மூன்று மணிக்குத் திருப்பி வாங்கிக்கொள்ள நம்பிக்கையான ஆள் யாராவது இருக்கிறார்களா என்று பார். நாள் வட்டிக்கு மட்டும் அந்தப் பணத்தை வாங்கிவிடாதே. ஆதார், பான் இருந்தால் பான், இரண்டு போட்டோ எடுத்துப் போ. கல் எடையைக் கழித்துத்தான் போடுவார்கள், ஜிமிக்கியில் கல் இருந்தால் கொஞ்சம் குறையும்.


வாரக்கூலி_வீடு எழுதியது:

உரைகல் ஐயா கடனைச் சொல்லிவிட்டார். நான் உன் புதன்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன் கண்ணு. நானும் இருபது வருடம் சனிக்கிழமை கூலியில் குடும்பம் நடத்தியவள், பேக்கிங்கில்.

வாரத்தில் வாங்குகிறோம், மாதத்தில் கொடுக்கிறோம். வாடகை ஐந்தாம் தேதி, குழு பத்தாம் தேதி என்று எல்லாம் முதல் இரண்டு வாரத்தில் வந்து விழும். அந்த இரண்டு வாரமும் கடன் வாங்குவோம், பிந்திய இரண்டு வாரமும் அதை அடைப்போம். நான் செய்தது இதுதான். ஹார்லிக்ஸ் டப்பா நான்கு. ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுக்குள் நுழைந்ததும், கை கால் கழுவும் முன்பே, வாடகை டப்பாவில் 1,250 போட்டுவிடுவேன். இப்படிக் குழு, சீட்டு எல்லாவற்றையும் நான்கால் வகுத்துப் போடுவேன். மிச்சம் என்ன இருக்கிறதோ அதுதான் அந்த வாரத்துக் கூலி என்று மனசுக்குச் சொல்லிக்கொள்வேன். முதல் மாதம் கஷ்டமாக இருக்கும், இரண்டாவது மாதம் பழகிவிடும்.

அடுத்தது ஐந்தாவது சனி. நீ நான்கு வாரம் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். வருடத்துக்கு 52 சனிக்கிழமை. நான்கு மாதத்தில் ஐந்து சனி வரும். இந்த 2026-ல் ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர். ஜனவரி போய்விட்டது, அந்த ஐந்தாவது கூலி எங்கே போனது என்று உன்னால் சொல்ல முடியுமா? யாராலும் முடியாது, கரைந்துவிடும். அந்த வாரம் வாடகை இல்லை, குழு இல்லை. காயும் கறியும் பெட்ரோலும் போக 4,800 கையில் நிற்கும். மே கடைசிச் சனி 30-ஆம் தேதி வருகிறது, ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். அக்டோபர் 31 முடிந்து எட்டாம் நாள் தீபாவளி. யாரோ நமக்காகப் பார்த்து வைத்த மாதிரி இருக்கிறது. அதைத் தொடாதே.

உன் நோட்டில் இன்னும் சிலவற்றைப் பார். மளிகை 4,500 என்று எழுதியிருக்கிறாய், அது அண்ணாச்சி கடைப் பற்றுதானே? தினம் நூறு கிராம், ஐம்பது கிராம் பாக்கெட் வாங்கினால் அப்படித்தான் வரும். சனிக்கிழமை ரொக்கமாக மொத்தக் கடையில் வாங்கிப் பார், குறைந்தது 700, 800 மிஞ்சும். எனக்கு மிஞ்சியது. காலையில் நீ டவுன் பஸ்ஸில் போ, நமக்குத்தான் 2021-லிருந்து டிக்கெட் இல்லையே, அவர் உன்னைக் கொண்டுவந்து விட வேண்டியதில்லை.

இன்னொன்று மொய். உசிலம்பட்டிக்காரி மொய்யை எழுதாமல் விட்டிருக்கிறாயே!


பனியன்ஊர்க்காரி எழுதியது:

அக்கா, நீங்கள் கேட்டதும் மொய் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். சடங்குக்கு எங்களுக்கு வந்த மொய் 1,12,000. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் அதுவும் நகைப் பணமும் போயிற்று. அதில் இந்தப் பதினோரு மாதத்தில் நாங்கள் திருப்பிச் செய்தது 9,500. ஊருக்குப் போய் வந்த பஸ் செலவு ஐந்து முறை. ஆவணியில் எடுத்த முதல் தண்டல் முழுக்க இரண்டு கல்யாணத்துக்குத்தான் போயிருக்கிறது. இதை நான் கடன் என்று நினைக்கவே இல்லை. வரிசையாக இன்னும் நூற்றுச் சொச்சம் பெயர் இருக்கிறது. யார் வீட்டில் எப்போது விசேஷம் வரும் என்று மாமியாரிடம் போனில் கேட்டு, இந்த வருடம் வரக்கூடிய ஒன்பது பேரை மட்டும் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். இனி ஊருக்கு இருவரும் போக மாட்டோம், ஒருவர் போனால் போதும்.

மாமியாருக்கு அனுப்பும் 1,500-ஐக் குறை என்று யாரும் சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தேன். ரேஷன் கார்டு ஊரில்தான் இருக்கிறது, உரிமைத் தொகை 1,000 அவருக்கு வருகிறது. இருந்தாலும் அதில் கை வைக்க மாட்டேன். பெண் பிறந்தபோது என்னை மூன்று மாதம் பார்த்தவர் அவர்.

உரைகல் அண்ணா, 13 வட்டி என்று படித்ததும் வீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்தேன். படித்துவிட்டு எதுவும் பேசாமல் வெளியே போய் நின்றார். ஒரு சந்தேகம், வங்கியில் 88,000 வாங்கினால் அதை எப்போது அடைப்பது? வட்டி மட்டும் கட்டிக்கொண்டே இருந்தால் திரும்ப இதே கதைதானே?


உரைகல் எழுதியது:

நல்ல கேள்வி. உன் சீட்டு எந்த மாதம் முடிகிறது? நவம்பர் என்றால், அதுவரை வட்டியை மாதாமாதம் கட்டு, ஒரு மாதமும் சேரவிடாதே. 47,500 வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு நேராக வங்கிக்குப் போ. அசல் பாதிக்கு மேல் குறைந்துவிடும். அப்போது ஒரு நகையை மட்டும் வெளியே எடுத்துத் தருவார்களா என்று கேட்டுப் பார். அதற்கப்புறம் புதுச் சீட்டில் சேராமல், சீட்டுக்குக் கட்டிய அதே 2,200-ஐ மாதாமாதம் நகைக் கணக்கில் கட்டிக்கொண்டு வா. குழுக் கடனை அதன் போக்கில் விடு. நான்கு பேர் வாசலில் உட்காராமல் இருக்க ஒரு தவணைப் பணம் டப்பாவில் முன்கூட்டியே இருந்தால் போதும்.


பனியன்ஊர்க்காரி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

சீட்டு நடத்தும் அக்காவிடமே போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது வருடமாகத் தெரியும், சொந்த வீடு. 50,000 அவர் கொடுத்தார். மீதி 31,550-ஐ வீட்டுக்காரரின் யூனிட் முதலாளி கொடுத்தார், சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். இருவரும் அரை நாள் லீவு போட்டோம். அடகுக் கடையில் ரசீதைக் கொடுத்ததும் ஒரு சின்ன மஞ்சள் துணிப் பையை எடுத்துக் கொட்டினார்கள். சங்கிலியை நான் கையில் வைத்துக்கொண்டே பஸ் ஏறினேன், பையில் போட மனசு வரவில்லை.

கூட்டுறவு வங்கியில் நகை பார்ப்பவர் சங்கிலியின் கொக்கியை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார், மேலே ஏதோ ஒரு சொட்டு விட்டார். கோடு அப்படியே மஞ்சளாக நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜிமிக்கியில் கல்லுக்காக 600 மில்லிகிராம் கழித்தார்கள். இன்னும் அதிகம் வேண்டுமா என்று கேட்டார்கள். உரைகல் அண்ணா, அந்த நேரம் உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் 88,000 போதும் என்று சொன்னேன். நான் பயந்ததைவிட வட்டி குறைவு, நீங்கள் சொன்ன 90 பைசாவுக்குள்தான் வருகிறது. மூன்றரை மணிக்கு இரண்டு பேருக்கும் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குள் தண்டலில் இன்னும் இரண்டு வாரம் கட்டியிருந்தோம், மீதி 4,000-ஐ வீட்டுக்காரர் மொத்தமாகக் கொடுத்தார். வசூலுக்கு வருபவர் வாங்கிக்கொண்டு, அடுத்தது எப்போது அண்ணா என்று கேட்டிருக்கிறார். மிஞ்சிய 2,450-ஐ வட்டிக்கு என்று தனியாக வைத்திருக்கிறேன், மூன்று மாத வட்டி அதில் வந்துவிடும்.

வாரக்கூலி அக்கா, ஹார்லிக்ஸ் டப்பா எங்கள் வீட்டில் இல்லை. கம்பெனியில் நூல் கோன் வரும் அட்டைப் பெட்டி நான்கு எடுத்து வந்தேன். பெண் ஸ்கெட்ச் பேனாவால் வாடகை, குழு, சீட்டு, மொய் என்று எழுதிவிட்டாள். பையன் தனக்கும் ஒன்று வேண்டும் என்று அழுதான், ஐந்தாவது பெட்டியும் வந்தது. அதில் பள்ளிக்கூடம் என்று எழுதியிருக்கிறோம். மே 30 கூலி அதில்தான் விழப்போகிறது. இந்தப் புதன்கிழமை காலையில் பர்ஸில் 640 ரூபாய் இருந்தது. காய்காரர் வந்தபோது அரைக் கிலோ பீன்ஸ் வாங்கினேன், பற்று எழுதச் சொல்லாமல்.